இமை கொட்டாத ரசிகர்

கைதட்டல் சத்தத்தில் மெத்தைக்காரரின் தூக்கம் கலைந்தது.

மேடையில் நடிகர்கள் வரிசையாக நின்று தலை வணங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் ஆறு குறுநாடகங்களும் முடிந்துவிட்டன. இவருக்கு ஞாபகம் இருந்தது முதல் நாடகத்தில் பாதிதான். இரண்டு பேர் ஏறிய லிஃப்ட் நடுவழியில் நின்றது. அப்புறம் அது மேலே போனதா, கீழே போனதா, கடவுளுக்கே வெளிச்சம்.

ஆறில் ஒன்று அவருடைய மனைவி எழுதியது. எது என்று கேட்டதற்கு, "நீங்களே பார்த்துக் கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டாள். வாசலில் கொடுத்த தாளிலும் நாடகங்களின் தலைப்புகள் மட்டும்தான் இருந்தன. எழுதியவர்களின் பெயரைக் கடைசி நாள்தான் சொல்வார்களாம். காலையிலிருந்து நான்கு முறை "சத்தியமா தூங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார் மனிதர்.

தப்பிக்க ஒரே ஒரு வழி தோன்றியது. விருட்டென்று எழுந்து நின்று, அரங்கத்திலேயே பலமாகக் கைதட்டினார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் இவரை நோக்கிக் கைதட்ட ஆரம்பித்தார்கள். பரவாயில்லையே, ரசிகனுக்கு இங்கே இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டார்.

ஊரெல்லாம் நிம்மதியாகத் தூங்க மெத்தை விற்கிறவர் அவர். அவருக்கோ மெத்தையே வேண்டாம். உட்கார இடம் இருந்து, விளக்கையும் அணைத்துவிட்டால் போதும், ஆள் காலி. மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தூங்கியிருக்கிறார், மச்சினன் கல்யாண வரவேற்பில் தூங்கியிருக்கிறார். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே தூங்கி, அந்த டாக்டரையே மிரள வைத்திருக்கிறார்.

அதையெல்லாம் மனைவி சிரித்துத் தள்ளிவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் தள்ளவில்லை. போன வருடம் அவள் எழுதிய முதல் கதையை ஆசை ஆசையாக வாசித்துக் காட்டியபோது, இரண்டாம் பக்கத்திலேயே இவர் குறட்டை விட்டுவிட்டார். அவள் கோபிக்கவில்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள், எட்டு மாதம் அதைத் தொடவில்லை. திட்டியிருந்தால்கூட இவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த முறையும் தூங்கியது தெரிந்தால் அந்த நோட்டு வெளியே வரவே வராது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும்.

வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார்! உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

"எல்லாம் உங்க அன்பு" என்றார் மெத்தைக்காரர், எதற்கென்றே தெரியாமல்.

தெருமுனை திரும்பியதும் மனைவி ஆரம்பித்தாள்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"ஆறும் ஆறு முத்து!"

"அதுல எது என்னதுன்னு தெரிஞ்சுதா?"

மெத்தைக்காரர் தாளைப் பிரித்து, குத்துமதிப்பாக நடுவில் விரலை வைத்தார். "மூணாவது. என்னவோ தெரியலை, மனசைத் தொட்டுடுச்சு."

அவள் நின்றுவிட்டாள். "மூணாவதா? மூணாவதுல உங்களுக்கு என்ன பிடிச்சுது?"

"அந்த... அமைதி."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா என்று தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடிபடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்.

"சும்மா சொல்லலைங்க. நீங்க இல்லாம என் நாடகமே இல்லை."

இப்படிப்பட்ட ஒருத்தியை ஏமாற்றுகிறோமே என்று மெத்தைக்காரர் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். எப்படியாவது அந்த ஆறு நாடகத்தின் கதையையும் தெரிந்துகொண்டுவிட வேண்டும்.

மறுநாள் அதற்கு வழியும் கிடைத்தது. கடையில் பில் போடும் பெண் தன் அக்காவோடு நாடகத்துக்கு வந்திருந்தாளாம். இவர் உள்ளே நுழையும்போதே எழுந்து நின்றாள்.

"கலக்கிட்டீங்க சார் நேத்து!"

"நான் என்னம்மா பண்ணேன், கைதட்டினேன், அவ்வளவுதான். அது கிடக்கட்டும், உனக்கு எந்தக் கதை எப்படிப் புரிஞ்சுதுன்னு சொல்லு. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி படும் இல்லையா?"

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். முதலாவதில், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரே மாடியில் ஒன்பது வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தும் பேசாதவர்கள். இரண்டாவதில், வேலைக்கு வெளியூர் போகும் மகளுக்கு அப்பா பெட்டி கட்டுகிறார். நாலாவதில் தவறான நம்பருக்குப் போன் செய்யும் ஒரு அம்மா. ஐந்தாவதில் ஒரே குடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு பேர். ஆறாவதில் வீட்டை மாற்றிக்கொண்டு போகும் ஒரு குடும்பம்.

"மூணாவதை விட்டுட்டியே?"

"மூணாவதா!" அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. "போங்க சார். அதைப் போய் உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?"

வாயைப் பொத்திக்கொண்டு தலையணை அடுக்கின் பின்னால் ஓடிவிட்டாள். அங்கிருந்து களுக்கென்று சிரிப்புச் சத்தம்.

மெத்தைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண்பிள்ளை வாயால் சொல்லக் கூசுகிற கதையா அது? தாளைப் பிரித்துப் பார்த்தார். மூன்றாவது நாடகத்தின் தலைப்பு, 'பக்கத்து இருக்கை'. தலைப்பே ஒரு மாதிரியாகத்தானே இருக்கிறது! அந்த ஏடாகூடத்தைத்தான் மனசைத் தொட்டுவிட்டது என்று கட்டின மனைவியிடமே சொல்லித் தொலைத்திருக்கிறோம். அவள் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்?

உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"இதோ பாரு, நேத்து ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். எனக்கு அந்த மூணாவது நாடகம் சுத்தமா பிடிக்கலை."

"ஏங்க?"

"குடும்பத்தோட பார்க்கிற மாதிரியா இருக்கு அது? எழுதினவங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் வேணாம்?"

அவள் மெல்லிய குரலில், "அப்படியா? உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும்னு எனக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. அதை நான் எழுதாமலே இருந்திருக்கலாமோ..." என்று இழுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை மெத்தைக்காரருக்கு. மூன்றாவதுதான் அவளுடையது! குத்துமதிப்பாகச் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. சரியாக இருந்ததைக் கூப்பிட்டு வைத்துக் குட்டிச்சுவராக்கியாயிற்று. அவள் எதை எழுதியிருந்தால்தான் என்ன? எழுதியது அவள் அல்லவா!

இதற்கு மேல் தனியாகச் சொன்னால் எடுபடாது, நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். பார்த்தவர்கள் கருத்துச் சொல்ல நாடகக் குழு ஒரு செல்போன் குரூப் வைத்திருந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: "நேற்றைய நாடகங்களில் மூன்றாவதே தலைசிறந்தது. அதைத் தொடக்கம் முதல் இறுதிவரை இமை கொட்டாமல் பார்த்தேன்."

அனுப்பிய நிமிடத்தில் ஒரு சிரிப்பு முகம் வந்தது. பிறகு நான்கு. பிறகு மடமடவென்று நாற்பத்து மூன்று. கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் முகங்கள். ஒருவர், 'சார், உங்களை அடிச்சுக்க ஆளே இல்லை' என்று எழுதியிருந்தார். திருதிருவென்று விழித்தார் மெத்தைக்காரர். மூன்றாவது நகைச்சுவை நாடகமோ? நகைச்சுவையில் அமைதி எங்கிருந்து வந்தது?

நல்லவேளையாக மனைவியே போன் செய்தாள். குரலில் பழைய உற்சாகம்.

"மெசேஜ் பார்த்தேங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்குது. அப்போ உங்களுக்குக் கோபம் இல்லையே?"

"கோபமா? சே, சே! காலையில ஏதோ வியாபார டென்ஷன்."

"அப்போ இன்னிக்கு ஆறு மணி ஆட்டத்துக்கும் வருவீங்களா? நேத்து மாதிரியே வந்து என் பக்கத்துல உக்காந்தா போதும். வேற ஒண்ணும் நீங்க பண்ண வேண்டாம்."

"வரேன்" என்றார் மெத்தைக்காரர். நேற்று மாதிரியாவது, இன்றைக்கு உண்மையாகவே பார்க்கப் போகிறேன் பார், என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

இதைச் சும்மா விடக் கூடாது என்று முன்கூட்டியே தூங்கிவைத்துக்கொள்ளத் திட்டம் போட்டார். மதியச் சாப்பாடு ஆனதும் காட்சிக்கு வைத்திருந்த கட்டிலில் ஏறிப் படுத்து இரண்டு மணி நேரம் விட்டார் பாருங்கள் ஒரு குறட்டை! கடைக்கு வந்த தம்பதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவர் படுத்திருக்கிற மெத்தையே எங்களுக்கு வேணும்" என்று அடம்பிடித்து, அவரை எழுப்பி இறக்கிவிட்டு அதை வாங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு நாலு கப் காப்பி, சர்க்கரை போடாமல். அரங்க வாசலில் முகத்தில் பச்சைத் தண்ணீர் அடித்துக்கொண்டார். மனிதர் மத்தாப்பு மாதிரி பளிச்சென்று இருந்தார்.

டார்ச் அடித்து இருக்கை காட்டுகிறவர் இவரைக் கண்டதும் ஓடி வந்தார். "அதே சீட்டுதான் சார், ரெடியா வெச்சிருக்கேன். நேத்து வசதியா இருந்துச்சுல்ல?"

"ரொம்ப வசதி. அதுதான் பிரச்சினையே" என்றார் மெத்தைக்காரர். டார்ச்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தக் கட்டடத்தில் எல்லாருக்குமே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தபடி இவர் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்து, அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

விளக்கு அணைந்தது. முதல் நாடகம். லிஃப்ட் நடுவழியில் நின்றது. மெத்தைக்காரருக்குக் கண் சொக்கவில்லை. இருட்டில் மாட்டிக்கொண்ட இருவரும், நீங்களா அந்த எதிர் வீட்டுக்காரர் என்று ஒருவரையொருவர் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாவதில் அந்த அப்பா, மடித்து வைத்த துணிகளை மறுபடி எடுத்து மறுபடி மடித்தார். மகள் பெட்டியை மூடிவிட்டால் கிளம்பிவிடுவாளே என்று. அவ்வளவுதான் கதை, பத்தே நிமிடம். அதற்குள் மெத்தைக்காரர் கைக்குட்டையைத் தேட வேண்டியதாகிவிட்டது. தன் மகளை ஹாஸ்டலில் விட்ட அன்று தானும் அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்று ஒரு மணி நேரம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது நினைவு வந்தது. அடப்பாவி, இதையா நேற்றுத் தூங்கிக் கழித்தோம், இத்தனை வருடமாக இப்படி எத்தனையைத் தூங்கித் தொலைத்தோமோ என்று உண்மையிலேயே அடித்துக்கொண்டது மனசு.

"மூணாவது, பக்கத்து இருக்கை" என்று ஒலிபெருக்கி சொன்னது.

மெத்தைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடையில் ஒருவருமே இல்லை. திரைகூட விலகவில்லை. மேலே எங்கிருந்தோ ஒரு விளக்கு மெதுவாகத் திரும்பி, வரிசை வரிசையாக நகர்ந்து, நேரே வந்து அவர் முகத்தில் நின்றது.

பக்கத்தில் மனைவி எழுந்து நின்றிருந்தாள். அவள் சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக். பேசுவதற்கு வாயைத் திறந்தவள், இவர் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். அரங்கம் முழுக்கத் தலைகள் திரும்பி இவரையே பார்த்தன.

தூங்கிவிட்டேனா என்று சோதிக்கிறார்கள் போலிருக்கிறது! மெத்தைக்காரர் கண்ணை முடிந்தமட்டும் அகல விரித்தார். அதுவும் போதாதென்று கையை உயர்த்தி, "நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று உரக்கச் சொன்னார்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். இருட்டில் யாரோ தடதடவென்று ஓடி வந்து பின்னாலிருந்து அவர் காதருகே குனிந்தார்கள். டார்ச்காரர்.

"சார், தயவுசெஞ்சு கண்ணை மூடுங்க சார்! நீங்க குறட்டை விட்டாத்தான் அம்மா மனசுல இருக்கிறதைப் பேச ஆரம்பிப்பாங்க, நாடகமே அதுதான்!"