பிஸ்கட் டப்பாவில் மூன்று போன்

ஊர் உலகத்துக்கே கண் தெரிய வைப்பவன் நான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். ஒரு மணி நேரம் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு போனை நோண்டினார்களே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டேன்.

"இனிமே ஏழரைலேர்ந்து எட்டரை வரைக்கும் யாரும் போனைத் தொடக் கூடாது. எல்லாப் போனும் இந்த பிஸ்கட் டப்பாவுக்குள்ள. மொதல்ல தொடறவங்க ஒரு மாசம் பாத்திரம் தேய்க்கணும்!"

உங்களிடம் மறைப்பானேன்? எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது ஒருநாள் என் மனைவி, ஒருநாள் நான். தன் தங்கையோடு போனில் பேசாமல் அவளால் அரை மணி தாங்க முடியாது. அவள் தோற்பாள், நான் கையைக் கழுவிக்கொள்ளலாம்.

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"சொன்னா சொன்னதுதான்!"

முதல் நாள் டப்பா பிரிட்ஜ் மேல் ஏறியது. நான், மனைவி, மகள் மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் மகளிடம் ஆரம்பித்தேன்.

"ஏய், நீ எப்ப கண்ணாடி போட்ட?"

"நாலு மாசமாச்சுப்பா."

"எந்தக் கடையில வாங்கின?"

"உங்க கடையிலதான். நீங்கதான் மாட்டி விட்டீங்க."

"ஒத்தைக் கையால. இன்னொரு கையில போன் இருந்துச்சு," என்று எடுத்துக் கொடுத்தாள் என் மனைவி.

நெஞ்சில் சுருக்கென்றது. முழுசாக இரண்டு நிமிடம் வலித்தது. பிறகு கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அரிக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் குளியலறையில், துண்டுகளுக்கு அடியில், பழைய போன் ஒன்றைப் பதுக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாளே ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை எழுந்து போனேன்.

"ஏங்க, வயிறு சரியில்லையா?"

"லேசா."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"வேணாம், தானா சரியாயிடும்."

"கரெக்டா எட்டரைக்குச் சரியாயிடும்மா," என்றாள் மகள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் அதிகம்.

நாலாம் நாள். துண்டை விலக்கினால், குடும்ப குரூப்பில் சுடச்சுட ஒரு மெசேஜ். அனுப்பியது என் மனைவி! 'எங்க வீட்ல இப்பல்லாம் ஒரே பேச்சும் சிரிப்பும்தான்' என்று பொய் வேறு. நான் வெளியே பாய்ந்தேன்.

"மாட்டிக்கிட்டியா! போனைத் தொட்டுட்ட! இப்பத்தான குரூப்ல மெசேஜ் போட்ட?"

அவள் நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். "அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

மாட்டிக்கொண்டது நான்தான். இருந்தாலும் விடுவேனா?

"சரி, நானும் தொட்டேன், நீயும் தொட்ட. சமம்!"

"நான் எங்க தொட்டேன்? என் போன் சாயங்காலத்திலேர்ந்து எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கு. எட்டு மணிக்கு இதை அனுப்பிடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"புளுகாத! நீ டப்பாக்குள்ள போட்டப்ப 'டொக்'குனு சத்தம் வந்துச்சே!"

மகள் டப்பாவை இறக்கித் திறந்தாள். உள்ளே அவள் போன், என் போன், பக்கத்தில் பாத்திரம் தேய்க்கிற சோப்புக் கட்டி ஒன்று.

"எப்படியும் இன்னிக்கு உங்களுக்குத் தேவைப்படும்னுதான்," என்றாள் மனைவி.