உன் அம்மா வாங்கி வந்த பை

என் நாத்தனார் பெற்ற ஒரே மகனும், அந்த வகையில் எனக்கு மருமகனுமாகிய உனக்கு, உன் அத்தை ஆசி கூறி எழுதுவது.

நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள். நம் குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்ட விபரீதம் முழுவதையும் இந்த ஒரு வீடே வாங்கிக்கொண்டுவிட்டது. இங்கு நலமா என்பதை இதைப் படித்து முடித்து நீயே தீர்மானித்துக்கொள். அவசரமாக எழுதுகிறேன். எழுத்தின் கோணலைப் பொறுத்துக்கொள்.

சென்ற முறை வந்தபோது உன் அம்மாவுக்குக் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்து, "முட்டிக்கு நல்லது அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாய். காலம் முழுவதும் கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்த என்னிடம், ஒரு சைக்கிளைக் கொடுத்தால் அடுத்தடுத்து என்னவெல்லாம் பெறப்படும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது உன் அம்மா அந்தச் சைக்கிளில் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், வெட்டவெளியில் ஓர் இரவு படுத்துறங்கி, மறுநாள் திரும்புவதென்று முடிவு செய்திருக்கிறாள். அறுபத்தெட்டு வயதில். வரும் சனிக்கிழமை. கைப்பேசியில் எவனோ ஒருவன், இப்படிப்பட்ட பயணத்துக்குப் படுக்க ஒரு பை, நெற்றியில் ஒரு விளக்கு, குடிக்கத் தண்ணீர், பஞ்சர் ஒட்டும் சாமான், இவை போதும், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்று உபதேசித்திருக்கிறான். "சிக்கனமா செய்யலாம் அண்ணி, இருக்கறதை வச்சே ஒப்பேத்தலாம்" என்றாள். சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் அசட்டையாக இருந்துவிட்டேன். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு பயங்கரம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனவள் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். "பகல் கொள்ளை! அந்தத் தூங்கற பைக்கு அவன் கேக்கற விலையில ஒரு குடலிறக்க ஆபரேஷனே பண்ணிடலாம்" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு உலகத்துப் பொருள்களின் விலையெல்லாம் அறுவை சிகிச்சைக் கணக்கில்தான் புரியும். பிறகு மருத்துவமனைச் சாமான்கள் விற்கும் மொத்தக் கடைக்குப் போய், ஒரு பெரிய பொட்டலத்துடன் வெற்றிவீரர் போலத் திரும்பினாள். பிரித்தாள். பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு நிறம், கனத்த பிளாஸ்டிக், தலையிலிருந்து கால்வரை ஜிப். சடலங்களை வைத்து மூடி எடுத்துப் போவார்களே, அந்தப் பை!

"என்னடி இது!" என்று அலறினேன்.

"என்ன அண்ணி, பேயைப் பாத்த மாதிரி பாக்கறீங்க? புதுசு. யாரும் இன்னும் படுக்கலை. மழை உள்ள வராது, ஈரம் ஏறாது, மடிச்சா தலையணை அளவுதான். அந்தக் கடைக்காரன் விக்கறதும் இதே சமாசாரம்தான், கலர்தான் வேற."

கடைக்காரரிடம் நடந்த பேச்சை அவளே பெருமையாக விவரித்தாள். அவர் தயங்கித் தயங்கி, "யாருக்கும்மா?" என்று கேட்டாராம். "எனக்குத்தாங்க" என்றாளாம். "ஐயோ... டாக்டர் எத்தனை நாள்னு சொல்லியிருக்கார்?" என்றிருக்கிறார். "ஒரே ஒரு ராத்திரிதான். கொஞ்சம் நீளமா குடுங்க, எனக்குக் காலை நீட்டிப் படுத்தாத்தான் தூக்கம் வரும்" என்றாளாம். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதி விலைக்குக் கொடுத்திருக்கிறார். ஏன் குறைத்தார் என்று உன் அம்மாவுக்கு இந்த நிமிடம் வரை புரியவில்லை. "நல்ல மனுஷன், பழைய பழக்கம்" என்கிறாள்.

மற்ற ஏற்பாடுகளையும் கேள். தண்ணீருக்கு சேலைன் பையும் குழாயும்; பை கைப்பிடியில் தொங்கும், குழாய் வாய்க்கு வரும்; பார்ப்பவர்களுக்குச் சிகிச்சையின் நடுவே தப்பி ஓடும் நோயாளி ஒருத்தி மிதித்துக்கொண்டு போவது போலத் தெரியும். விளக்கு, காது மூக்கு தொண்டை டாக்டர்கள் நெற்றியில் கட்டிக்கொள்வது. மூட்டைகளைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டியிருப்பது கிரேப் பேண்டேஜ். கிளம்புவதற்கு முன்பே அடிபட்ட கோலத்தில் அந்த வண்டி ஹாலில் நிற்கிறது. பஞ்சர் ஆனால் என்ன செய்வாய் என்றேன். "தையல் போட்டுடுவேன்" என்றாள். அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது.

நேற்று அதைவிடப் பெரிய அவமானம். பையின் முகப்பக்கத்தில் ஜன்னல் மாதிரி வெட்டிக் கொசுவலை வைத்துத் தைத்து, ஒத்திகை பார்க்கிறேன் என்று பின்கட்டில் அதற்குள் நீட்டிப் படுத்து, என்னை ஜிப்பை இழுத்து மூடச் சொன்னாள். மூடினேன். ஐந்து நிமிடத்தில் குறட்டைகூட இல்லாத ஆழ்ந்த உறக்கம். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், இரவல் வாங்கிப் போயிருந்த ஏணியைத் திருப்பித் தர வந்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையில் காப்பியோடு நின்றிருந்தேன். "எ... எப்போ?" என்றார். ஊரெல்லாம் இவள் பயணத்தைச் சொல்லி வைத்திருக்கிறாளே, அதைத்தான் விசாரிக்கிறார் என்று எண்ணி, "சனிக்கிழமை காலையில போறா" என்றேன். "அதுவரைக்கும் இங்கேயேவா வச்சிருப்பீங்க?" என்றார். "வேற எங்க? ஹால்ல சைக்கிள் நிக்குது" என்றேன். "மகனுக்குச் சொல்லியாச்சா?" என்றார். "அவனாலதான் வந்தது எல்லாம்" என்றேன். இந்த நேரத்தில் பைக்குள்ளிருந்து, "யாரு அண்ணி, ஏணியா?" என்று உன் அம்மாவின் குரல் எழுந்தது. அவர் ஏணியைப் போட்ட இடம் என் பூந்தொட்டிகளின் மேல். அவர் ஓடிய ஓட்டத்தை அவர் வங்கியில் வேலை பார்த்தபோது யாரும் பார்த்திருக்க முடியாது. இன்று அவர் மனைவி வந்து, "அவருக்கு இன்னும் படபடப்பு அடங்கலைங்க, நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவளைத் தடுக்க உன் உதவியை நான் கேட்பது பாசத்தினால் அல்ல. அந்த வியாதி எனக்கு வந்ததில்லை. உன் மாமா போன பிறகு இந்த வீட்டில் நான் எது சொன்னாலும் "அதெல்லாம் இல்லை அண்ணி" என்று மறுக்க ஒருத்தி இருக்கிறாள். வழியில் லாரியோ பாம்போ காய்ச்சலோ அவளைக் கொண்டுபோய்விட்டால், நான் சொல்வதையெல்லாம் சுவர்கள் அப்படியே ஒப்புக்கொள்ளும். மறுப்பே இல்லாத வீட்டில் என்னால் ஒரு வாரம் இருக்க முடியாது. அதனால் அவள் தனியாகப் போகக் கூடாது. இது வேண்டுகோள் அல்ல, முடிவு.

நிரூபணமும் கையில் இருக்கிறது. அந்த ஜிப்புக்கு இழுப்பு வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே படுப்பவர் மறுபடி வெளியே வர ஆசைப்படுவார் என்று அதைச் செய்தவன் எண்ணியிருக்கவில்லை. "காலையில எப்படி வெளியே வருவே?" என்று கேட்டேன். ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, காப்பி போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். பாதி வென்றுவிட்டேன்; மீதிக்கு நீ வெள்ளிக்கிழமை இரவுக்குள் நேரில் வந்து, பெற்ற மகன் என்ற உரிமையில் அவளைத் தடுத்து நிறுத்த வேண்டும். சைக்கிளையும் திரும்ப எடுத்துக்கொண்டு போ.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தை நன்றாகப் படித்து, உன்னைப் போல் பரிசு வாங்கித் தராமல் வளரட்டும்.

என்றும் உன் நலம் கோரும்,
அத்தை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அம்மா காப்பியோடு வந்து நின்றாள். "காலையில ஜிப்பைத் திறக்கத்தான் நீங்க வர்றீங்களே அண்ணி! தனியாப் போறேன்னு உங்ககிட்ட யார் சொன்னா?" என்றாள். யாரும் சொல்லவில்லைதான். அந்த வாதத்தில் எவ்வளவு தேடியும் எனக்கு ஓட்டை கிடைக்கவில்லை. ஆகவே பேட்டரி சைக்கிள் ஒன்றை வாடகைக்குப் பேசிவிட்டேன். எனக்கும் அதே கடையில் அதே பை, அதே பாதி விலை. கடைக்காரர் தேம்பி அழுதுவிட்டார். என் பையை உன் அம்மா மூடிவிடுவாள். அவள் பையை மூட ஆள் இல்லை. எனவே நீ வெள்ளிக்கிழமை அவசியம் வர வேண்டும், தடுக்க அல்ல, மூட. சைக்கிளோடு வா. போர்வை கொண்டுவா. உனக்குப் பை கிடையாது. அதை மூட நான்காவது ஆளுக்கு நாங்கள் எங்கே போவது?