மீதியில்லாத தரை

"இருபத்து மூணு சென்டிமீட்டர்ல டைல்ஸா?" கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முப்பதுல வருது, அறுபதுல வருது. இருபத்து மூணுல எவன் சார் செய்வான்?"

"கணக்கு அப்படித்தான் வருது."

"அப்போ கணக்கையே தரையில போட்டுக்குங்க."

டியூஷன் வாத்தியார் வெறுங்கையோடு திரும்பினார். மாணவர்கள் அவரை மீதி சார் என்பார்கள். எந்த வகுத்தலிலும் "மீதி எவ்வளவு?" என்று கேட்காமல் விடமாட்டார். வீட்டிலும் ஒரு மீதி இருந்தது: மச்சினன். வேலை மாற்றலாகி, ஒரு வாரம் தங்குவதாகத் தனியாக வந்தவன். எட்டு மாதமாக முன்னறை அவனிடம். டியூஷன் சமையலறையில்.

போன ஞாயிறு அவன் முன்னறையின் சிமென்ட் தரையைக் காலால் தேய்த்தபடி சொன்னான்: "மாமா, நீங்க கணக்குல புலின்னு அக்கா பீத்திக்கிறா. ஒரு டைல்ஸைக்கூட வெட்டாம இங்க தரை போட்டுக் காட்டுங்க. மறுநாளே பெட்டியைக் கட்டுறேன்."

மீதி சார் அன்றே அளந்தார். நீளம் 391, அகலம் 299. இரண்டையும் மிச்சமின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் வேண்டும். அதாவது மீப்பெரு பொதுக் காரணி. சாக்பீஸால் தரையிலேயே நீள் வகுத்தல் போட்டார். 391-ஐ 299 வகுத்தது, மீதி 92. 299-ஐ 92 வகுத்தது, மீதி 23. 92-ஐ 23 வகுத்தது, மீதி பூஜ்யம். கடைசியாக வகுத்தது 23. அந்த அளவில்தான் டைல்ஸ் இல்லை.

"அறையை மாத்திட்டா போச்சு" என்றார் மனைவியிடம். "390, 300. முப்பது வரும்."

நீளத்தைக் குறைக்க ஒரு சுவரில் ஒரு சென்டிமீட்டர் பூசினார். அகலத்தைக் கூட்ட இன்னொரு சுவரை உளியால் செதுக்கினார். பூச்சு பாளமாக விழுந்தது. அகலம் 302.

மறுபடி வகுத்தார். விடை இரண்டு.

"ரெண்டு சென்டிமீட்டர்ல என்னங்க கிடைக்கும்?"

"சட்டைப் பொத்தான்."

"நல்லாருக்கு. பக்கத்து வீட்டு டிவி வேற இப்போ தெளிவா கேக்குது."

பதற்றத்தில் இரண்டு சுவர்களிலும் பூசினார். கை கனத்துவிட்டது. 389, 297. இம்முறை வகுத்தல் எட்டுப் படிகள் இறங்கியது. வாசலில் தொடங்கி மச்சினனின் பாய் வரை வந்தது.

"மாமா, கணக்கு எனக்கு அடியில போகுது."

"காலைத் தூக்கு."

பாய்க்கு அடியில் விடை கிடைத்தது. ஒன்று.

"ஒரு சென்டிமீட்டர் டைல்ஸ்" என்றான் மச்சினன். "வெட்டவே வேண்டாம். மணல் மாதிரி அள்ளிக் கொட்டிடலாம்."

மீதி சார் உளியை வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார். ஒன்பது நாள் தேய்த்தார். மாணவர்கள் விடுமுறை என்று நினைத்துக்கொண்டார்கள். இருமலோடு கடைசியாக அளந்தபோது டேப்பின் மறுமுனையை மச்சினன்தான் பிடித்தான். 390, 300. மீதி 90, மீதி 30, மீதி பூஜ்யம்.

முப்பதில் நூற்றுமுப்பது கற்கள். வரிசைக்குப் பதின்மூன்று, பத்து வரிசை. இடைவெளி விடாமல் அவரே பதித்தார். ஒன்றும் வெட்டுப்படவில்லை.

மச்சினன் வெறுங்காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தான். "தோத்துட்டேன் மாமா. நீங்க புலிதான்."

மறுநாள் விடிந்ததும் பெட்டியோடு பஸ் ஏறிப் போனான். மனைவி மூக்கைச் சிந்தினாள். மீதி சார் கரும்பலகையை முன்னறையில் மாட்டி, தரையின் நடுவில் மல்லாந்து படுத்தார்.

மூன்றாம் நாள் மாலை வாசலில் லாரி ஒன்று நின்றது. டிரைவர் ஒரு பீரோவின் முன்பக்கத்தைப் பிடித்தபடி உள்ளே வந்து தரையைப் பார்த்தார்.

"யாருப்பா நீ? இது யாரோட பீரோ?"

"உங்க மச்சினனோடது சார். பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க, மாமியாரோட பின்னாடி பஸ்ல வர்றாரு. தரை மட்டும் போட்டு முடியட்டும், எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுறேன்னு எட்டு மாசமா எங்கிட்ட போன்ல சொல்லிட்டிருந்தாரு."