கோல்பியை அங்கிருந்து எடுத்துவிடு, மச்சான்

அன்புள்ள மச்சான் கர்ட்டுக்கு,

ராட்னி எழுதுவது. இங்கே உன் அக்கா ஜனெல்லும் நானும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய், ஓடி அடிபடுவது என் பிள்ளைதானே. ஆட்டக் காலம் தொடங்கிவிட்டால் நீ போனை எடுக்கமாட்டாய் என்பதால் கடிதம் எழுதுகிறேன். கல்லூரி முகவரிக்கு அனுப்பினால் ரசிகர் கடிதங்களோடு குப்பைக்குப் போய்விடும் என்று உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். உன் மனைவியும் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ துணைப் பயிற்சியாளனாக இருக்கிற கல்லூரியின் 'கொக்குகள்' அமெரிக்கக் கால்பந்து அணியில், தடுப்பாட்டக்காரர்களிலேயே என் மகன் கோல்பிதான் சிறந்தவன் என்று நான் சொல்லவில்லை, பத்திரிகைகள் சொல்கின்றன. எதிரணியில் பந்தை வாங்க ஓடுகிறவனோடு ஒட்டிக்கொண்டே ஓடி, பந்து அவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வருகிற ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது இவன் பெயர் முதல் நாளே வரும் என்கிறார்கள். அப்பேர்ப்பட்டவனைக் கொண்டுபோய், எதிரணி வானத்துக்கு உதைத்து அனுப்புகிற பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடுகிற வேலைக்கு நிறுத்தியிருக்கிறாயே, தாய்மாமன் செய்கிற காரியமா இது? ஊர் உலகத்தில் அந்த வேலையை யாருக்குக் கொடுப்பார்கள்? ஒல்லியாக, வேகமாக, அடிபட்டால் அவனைப் பெற்றவளைத் தவிர யாரும் பெரிதாக அழாத ஒரு மாற்று ஆட்டக்காரனுக்குக் கொடுப்பார்கள். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நீ மாட்டுக்கொட்டகை கழுவப் போவாயா? அண்ணாந்து பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறவன் மேல் பத்துத் தடியன்கள் முழு வேகத்தில் வந்து விழுகிற இடம் அது. நான் பயிர்க் காப்பீடு விற்கிறவன். மேகத்தைப் பார்த்தாலே ஆலங்கட்டி எங்கே விழும் என்று யோசிக்கிற பிழைப்பு. இந்த மாதிரி நிலத்துக்கு நான் காப்பீடே கொடுக்கமாட்டேன்.

முதல் ஆட்டத்தில் அவனை அங்கே பார்த்தபோது உன் அக்கா நம்பவே இல்லை. "இவன் சட்டைய எவனோ மாத்திப் போட்டுட்டு நிக்கிறான், கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றாள். யாரைக் கூப்பிடுவது? மறுநாள் நீயே கசகசா அடைத்த கொலாச்சி ரொட்டியோடு வந்து உட்கார்ந்தாய். சமாதானத்துக்கு வந்தவன் என்று பார்த்தால், வைத்த கொலாச்சியில் பாதியை நீயே தின்றுகொண்டு, "அத்தான், இதுவரை அங்க நின்ன ஆஷ்டன் பையன் பிடிக்கிறதெல்லாம் கீழ போடுறான். கோல்பி கை பிசின் மாதிரி. ஓடவெல்லாம் வேணாம், பிடிச்சாப் போதும். கையத் தூக்கிடுவான்" என்றாய். நானும் நம்பினேன். பந்து மேலே இருக்கும்போதே ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிவிட்டால், நான் ஓடமாட்டேன், பிடிக்க மட்டும் செய்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் எவனும் அவனைத் தொடக்கூடாது. எவ்வளவு நாகரிகமான விதி! அடுத்த ஆட்டத்தில் உன் மருமகன் கையைத் தூக்கினானா? காதைச் சொறியக்கூடத் தூக்கவில்லை. பிடித்தான், ஓடினான், பாதி மைதானம் தாண்டி வேலி ஓரத்தில் போய் விழுந்தான். அவனைத் தூக்கி நிறுத்தி முதலில் கட்டிக்கொண்டு குதித்தது யார்? நீ. டிவியில் பார்த்தோம்.

அதற்குமேல் உன்னை நம்பிப் பயனில்லை என்றுதான் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். இந்த இடத்தில் நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள். நம் வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து, பந்து மேலே எழும்பியதும் ஒன்றாக எழுந்து, கையை உயர்த்தி மணிக்கட்டை ஆட்டுவது. பையன் பார்த்துவிட்டுத் தானும் தூக்குவான் என்று கணக்கு. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒத்திகையெல்லாம் பார்த்தோம், மச்சான். உன் பெரியப்பா தோள்வலியோடு தூக்கினார். ஆட்டத்தன்று பந்து எழும்பியது, நாங்களும் எழும்பினோம். அத்தனை கையும் மேலே. அவன் எங்களைப் பார்த்தான், சிரித்தான், பந்தைப் பிடித்தான், ஒரேயடியாக ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. டிவியில் வர்ணனை சொல்கிறவன், "அடடா, பாருங்க! கோல்பி வீட்டுக்காரங்க எல்லாம் கொக்குக் கழுத்து மாதிரி கைய நீட்டி ஓடு ஓடுன்னு ஆசீர்வாதம் பண்றாங்க!" என்று சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை மொத்த அரங்கமும் கையைத் தூக்கியது. வாத்தியக் குழு அதற்கென்று ஒரு முரசடி கண்டுபிடித்துவிட்டது. கல்லூரிக் கடையில் கொக்குக் கழுத்துக் கையுறை விற்கிறார்கள். உன் அக்காவின் தோழியே ஒன்று வாங்கிக்கொண்டு வந்து எனக்கு மாட்டிப் பார்த்தாள். பிள்ளையை ஓடாதே என்று கெஞ்சுகிற கையை, ஓடு என்று விரட்டுகிற கையாக ஊரே மாற்றிவிட்டது. நான் பின்பக்கம் திரும்பி, "ஐயா, கீழ எறக்குங்கய்யா! அது அந்த அர்த்தம் இல்லய்யா!" என்று கத்தினேன். எதிரணி ஆள் போலிருக்கிறது என்று காவலாளியைக் கூப்பிட்டார்கள். மைதானத்தில் நிற்கிறவன் என் மகன் என்று சொன்னேன். "பெத்த பிள்ளைக்கு ஒரு கையத் தூக்கக் கூடாதா?" என்று ஒரு அம்மாள் என்னைத் திட்டினாள். இதெல்லாம் போதாதென்று, வருகிற பழைய மாணவர் விழா ஆட்டத்தில் நான் மைதானத்துக்கு நடுவில் போய் நின்று, கொக்குக் கழுத்தைத் தொடங்கிவைக்க வேண்டுமாம். கல்லூரித் தலைவர் கையெழுத்துப் போட்டு அழைப்பு வந்திருக்கிறது. பாத்தியா, என் கையாலயே என் கண்ணக் குத்தச் சொல்றாங்க.

போன சனிக்கிழமை நடந்ததை நீ பக்கத்திலிருந்து பார்த்தாய், நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அவன் மேல் நாலைந்து பேர் விழுந்தார்கள். ஒவ்வொருத்தனாக எழுந்தான், இவன் எழவில்லை. அரங்கத்தில் எல்லாக் கையும் அப்படியே மேலே நின்றுபோனது. ஜனெல் முகத்தை என் சட்டையில் புதைத்துக்கொண்டு, "எழுந்துட்டானா, எழுந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் "எழுந்துட்டான்" என்று பொய் சொன்னேன். அப்புறம்தான் எழுந்தான். ஷூ கழன்றுவிட்டதாம், தேடிக்கொண்டிருந்தானாம்! ஷூவ அப்புறம் தேடக்கூடாதாடா? எனக்குப் பயமாக இருக்கிறது, கர்ட். அவன் முழங்கால் ஒன்று போனால் ஏப்ரல் போச்சு, அவன் சின்ன வயசிலிருந்து பட்ட பாடு எல்லாம் போச்சு. அதைவிட, அவன் விழுந்துகிடப்பதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை அவனை அங்கே நிறுத்தாதே. ஆஷ்டனையே நிறுத்து. கீழே போட்டால் போடட்டும், தோற்றால் தோற்றுப்போங்கள், என்ன இப்போ? கேட்கவில்லையென்றால் நன்றி நாள் விருந்தில் உனக்கு வான்கோழியின் முதுகெலும்புதான் என்று உன் அக்கா சொல்லச் சொன்னாள். அவள் சொன்னால் செய்வாள், உனக்கே தெரியும்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. அவர்களை நீச்சலிலோ சதுரங்கத்திலோ சேர்த்துவிடு. கர்த்தர் உனக்கு நல்ல புத்தியையும் ஆஷ்டனுக்கு நல்ல கையையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவி,
ராட்னி குசேரா

பி.கு.: உன் அக்கா இதைப் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் காரமா எழுதியிருக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாள். தபால் நிலையத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினேன், கோல்பி போனில் வந்தான்.

"அப்பா, அம்மா எல்லாத்தையும் சொன்னா. மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் போய்க் கெஞ்சினேன். அவர் முதல்ல முடியவே முடியாதுன்னாரு."

"உனக்கு ஏன்டா இந்தத் தலையெழுத்து?" என்று கத்தினேன்.

அவன் சொன்னான்: "என் பக்கம் யாரும் பந்தே வீசறதில்லப்பா. நான் இருக்கேன்னு எல்லா டீமும் மத்தப் பக்கமாவே வீசறாங்க. ஆட்டம் பூரா ஓடறேன், கையில ஒண்ணும் வர்றதில்ல. இந்த வருஷம் நான் பந்தப் பிடிச்சதே அந்த உதையிலதான். அது ஒண்ணுதான்பா எங்கிட்ட வருது."

எவனும் இவனிடம் மோதப் பயப்பட வேண்டும், அவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக வர வேண்டும் என்று தினமும் ஜெபித்தவன் நான். அது பலித்தால் பிள்ளை ஆட்டம் முழுக்கத் தனியாக நிற்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் அங்கேயே நிற்கட்டும். ஆஷ்டனை உட்கார வை. உன் அக்கா கேட்டால், கடிதத்தைப் படித்து நடுங்கிப்போனேன், ஆனால் தலைமைப் பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை என்று சொல்லிக்கொள். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துப் போட்டுவிடு. பயம் அப்படியேதான் இருக்கிறது, மச்சான். இருந்தாலும் பிள்ளை கைக்கு ஒரு பந்து வரட்டும்.