பம்புசெட்டு அக்கா படகு பார்த்த கதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பம்புசெட்டு அக்காவின் காதுக்குத் தப்பி எந்தப் பழைய எஞ்சினும் கை மாறியதில்லை. டிராக்டர், மாவு மிஷின், ஜெனரேட்டர், கரும்புச் சாறு பிழியும் இயந்திரம் என்று யார் எதைப் பழசாக வாங்கப் போனாலும் வண்டியின் முன் சீட்டில் அக்கா உட்கார்ந்திருப்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கட்டிய கணவரே, "பம்புசெட்டு, சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுவார்.

அக்காவுக்கு நீர்மூழ்கி மோட்டார் ரிப்பேர் கடை. எதிரே என் போட்டோ ஸ்டூடியோ. அவர் போனில் பேசும் நேரத்தில் நான் எடுத்த பாஸ்போர்ட் படங்கள் எல்லாம் திடுக்கிட்ட முகமாகவே வந்தன. அப்படி ஒரு குரல். அடக்கம் என்பது அக்காவுக்கு அறிமுகமே ஆகாத சங்கதி. "மோட்டாரு பொய் சொல்லாது. சொன்னாலும் என் கிட்ட சொல்லாது" என்று வருகிற எல்லோரிடமும் சொல்வார்.

மனிதர்களையும் அப்படித்தான் சோதிப்பார். அவருடைய அக்கா மகளுக்கு ரிஷிவந்தியத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். பஜ்ஜி கூட எடுத்து வைக்கவில்லை. "தம்பி, மாடிக்கு ஒரு தபா ஏறி எறங்கி வாங்க" என்றார். அந்தப் பையனும் ஏறி இறங்கினான். அக்கா காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "மூச்சு எரைக்குது. ஆனா ஒரே சீரா எரைக்குது. பயம் இல்ல, முடிச்சுடுங்க" என்று தீர்ப்பு சொன்னார். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் அக்காவைக் கண்டால் நடையை நிதானமாக்கிக் கொள்கிறார்.

என் மனைவியின் தம்பி செல்வத்துக்குச் சின்னசேலத்தில் மரவள்ளி விவசாயம். ஆனால் மனசெல்லாம் கல்வராயன் மலையில். கரியாலூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் கூடாரங்கள் போட்டு, சுற்றுலா வருகிறவர்களைத் தங்கவைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று ஒருநாள் ஜெட் போட் வாங்கப் போவதாகச் சொன்னான். பரங்கிப்பேட்டை பக்கம் பழைய படகு ஒன்று விலைக்கு வந்திருந்ததாம். வாங்குவதற்கு முன்பே ஏரிக்கரையில் பேனர் வைத்துவிட்டான். அவன் அப்பா, "பம்புசெட்டு பாத்து சரின்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அக்கா கையை விரித்தார். "படகெல்லாம் எனக்கு இன்னாடா தெரியும்? நான் கோமுகி அணையையே தூர நின்னு பாக்கற ஆளு."

"இல்லக்கா, இதுல காத்தாடியே வெளிய கெடையாது. அடியில தண்ணிய உறிஞ்சி பின்னாடி பீச்சி அடிக்கும். அந்த வேகத்துல போவும்" என்றான் செல்வம்.

அக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்போ அது படகு இல்லடா. ஒக்காந்துகினு போற பம்பு!"

அதற்குப் பிறகு செல்வத்தை விட அக்காதான் அவசரப்பட்டார். விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றினார்கள்.

உப்பங்கழி ஓரத்தில் படகு தயாராக மிதந்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் கல்யாணத்துக்கு வந்தது போல இருந்தது. செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. விற்கிற பெரியவர் தங்கமான மனிதர். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அக்கா இளநீரை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையை எஞ்சின் மேல் வைத்தார்.

"சூடா கீதே பெரியவரே?"

"நீங்க வர்றீங்கன்னு காலையில கொஞ்சம் ஓட்டி வெச்சேம்மா."

"நல்லதுங்க. ஆறட்டும். தூங்கி எழுந்த எஞ்சின் எப்படி இருமுதுன்னு நான் கேக்கணும்."

ஆறும் வரை அக்கா சும்மா இருக்கவில்லை. பலாப்பழம் வாங்குவதுபோல் படகின் உடம்பெல்லாம் தட்டிப் பார்த்தார். ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்தார். "உள்ள தண்ணி கலந்திருந்தா மோரு கணக்கா வெளுத்திருக்கும். இது சுத்தம்" என்றார். ஆறிய எஞ்சின் முதல் தட்டிலேயே கிளம்பியது. செல்வம் என் கையைக் குலுக்கினான்.

"ஓட்டிப் பாத்துடலாம். ரெண்டு பேர் ஏறுங்க" என்றார் பெரியவர்.

"கரியாலூருக்கு ரெண்டு பேராவா வருவாங்க? வேன் நெறைய வருவாங்க" என்ற அக்கா, கரையில் மீன் கூடையோடு நின்ற பெண்களைப் பார்த்தார். "எம்மா, ஒரு ரவுண்டு சும்மா போய்ட்டு வரலாம், வாங்க!" நாலு பேர் சிரித்துக்கொண்டே கூடையோடு ஏறினார்கள். செல்வமும் நானும் ஏற, கடைசியாக அக்கா ஏறினார். மிதவைச் சட்டை ஒன்றை மாட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதன் மேலேயே இன்னொன்றையும் மாட்டினார். திரும்புவதற்கே இடமில்லாமல் வாழைத்தார் போல உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்குத் தண்ணீர் என்றால் உயிர் போகிற பயம்.

"நீங்க கரையிலேயே இருங்கக்கா" என்றேன்.

"நான் ஒக்காராத வண்டியில ஊரான் புள்ளைங்கள ஒக்கார சொல்லுவனா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

கழியின் நடுவில் பெரியவர் வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் அலறியது. கொக்குகள் பறந்தன. படகு மட்டும் எருமை மாதிரி நிதானமாகப் போனது. இன்னும் கூட்டினார். இன்னும் அலறியது. கரையோரம் நடந்துகொண்டிருந்த ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

"சத்தம் ஜாஸ்தி, தள்ளல் கம்மி" என்றார் அக்கா.

"பாரம் ஜாஸ்திம்மா, வேற ஒண்ணும் இல்ல."

"பாரம்னா எஞ்சின் முக்கணும் பெரியவரே. இது காத்துல சுத்தற மாதிரி லேசா சுத்திக்கினு கீது. பம்புல பிடிமானம் இல்ல."

படகைக் கரையேற்றியதும் அக்கா புடவையோடு மண்ணில் மல்லாந்து படுத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பாசியோ கயிறோ எதுவும் சிக்கவில்லை. தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே சுண்டு விரலை விட்டார். நகம் தாராளமாக நுழைந்தது. "முடி நுழையற சந்து இருக்கணும். மணல்ல ஓடித் தேஞ்சி போச்சு. உறிஞ்சின தண்ணி பாதி திரும்பி வந்துடுது."

பெரியவரின் முகம் சுருங்கியது. அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. செல்வமோ பேனரை நினைத்துத் தலையில் கை வைத்துவிட்டான். அக்கா எழுந்து மண்ணைத் தட்டினார். "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் எழவு வூட்டுல ஒக்காந்த மாதிரி கீறீங்க? எஞ்சின் தங்கம். பம்பத் தேத்திடலாம். பெரியவரே, கழட்டி எடுத்துக்கினு போறேன். ஓடினா படகு எங்களுது, ஓடலைன்னா பம்பு பழையபடி உங்க வாசல்ல இருக்கும்."

கள்ளக்குறிச்சிக்கு வந்து தேய்ந்த இறக்கைகளை வெல்டிங்கில் வளர்த்து, லேத்தில் புது வளையம் கடைந்தார்கள். பூட்டினால் சுற்றவே இல்லை. அக்காவின் அளவு தப்பு. வளையம் இறுகிவிட்டது. எங்கள் தெரு அன்றைக்குப் போல அமைதியாக இருந்ததே இல்லை. என் ஸ்டூடியோவில் எல்லோரும் சாந்தமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் லேத்தைத் திட்டினார், கரண்டைத் திட்டினார், பிறகு தானே நின்று மறுபடி கடைந்தார். பரங்கிப்பேட்டையில் அதைப் பொருத்தி, அதே மீன்காரப் பெண்களை ஏற்றி முடுக்கியபோது படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ஒரு கூடை மீன் கழிக்கே திரும்பிப் போனது.

லாரியில் படகு மலை ஏறிய காட்சியை நான் படமெடுத்து வைத்திருக்கிறேன். ஒரு வளைவில் விறகுக் கட்டோடு நின்ற மலைக்காரர் ஒருவர், கவலையோடு கேட்டார்: "ஏங்க, மழ அவ்ளோ பெரிசா வருதுங்களா?"

திறப்பு நாளன்று ஏரிக்கரையில் கூட்டம். சின்னசேலம் சொந்தபந்தம், சுற்றுலா வந்தவர்கள், மலைக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள். செல்வத்தின் அப்பாவும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் ஏறத் துடித்தார்கள். அக்கா எல்லோரையும் நிறுத்தினார். "இருங்க கண்ணுங்களா. இது புதுத் தண்ணி. மொதல்ல நான் போய்ட்டு வர்றேன்."

செல்வம் ஓட்டினான். பின்னால் அக்காவும் நானும். படகு ஏரியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து வட்டமடித்தது. கரையெல்லாம் கைத்தட்டல். செல்வத்தின் அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்துத் துண்டைச் சுழற்றினார். அக்கா கண்ணை இறுக மூடியபடி, காதை மட்டும் எஞ்சின் பக்கம் சாய்த்து, "கேளு... கேளு... எப்படித் தள்ளுது பாரு!" என்று கத்திக்கொண்டே வந்தார். அவருடைய விரல்கள் என் மணிக்கட்டில் இறுகியிருந்தன.

இறங்கிப் பார்த்தபோது என் கையில் நாலு நகமும் வரிசையாகப் பதிந்திருந்தன. சில நாளில் அந்தத் தடம் மறைந்துவிட்டது. அந்த நாளின் ஞாபகத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாகவே பதிந்திருக்கலாம்.