முழங்கால் படையின் மனசாட்சி

ஐரோப்பிய நாகரிகம் இன்னும் குப்புற விழாமல் நிற்பதற்கு ஒரே காரணம், மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் குரோவேஷிய ஊர்ச் சதுக்கத்தில் நாற்பது ஆண்கள் முழங்காலிட்டுக் கருக்கலைப்புக்கு எதிராக ஜெபிப்பதுதான்.

அந்த நாற்பது பேரின் கால்களைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார் திஹோமிர். ஊரார் 'முழங்கால் படை' என்றழைக்கும் இந்தக் கூட்டத்தின் செயலாளர். அவர் மனைவி ல்யெர்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐந்தாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது, காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை தங்காது, உடனே எடுக்காவிட்டால் தாயும் தங்கமாட்டாள் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். எடுக்கவேண்டிய டாக்டர் க்ருனோ, முதல் வரிசையில் ஜெபமாலையோடு இருந்தார்.

திஹோமிர் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் கண் திறக்கவில்லை.

"கருவுல துடிப்பு இருக்கா?"

"இருக்காம், டாக்டர்."

"அப்ப நான் தொடமுடியாது, தம்பி. கருவைக் கலைக்கமாட்டேன்னு மனசாட்சிப் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். கொண்டுவந்து நீட்டினதே நீதான்."

ஆஸ்பத்திரியின் மற்ற மூன்று மகப்பேறு டாக்டர்களும் இரண்டாம் வரிசையில், அதே 'மனசாட்சி'யோடு இருந்தார்கள்.

சுற்றிலும் கறுப்புச் சட்டை இளைஞர்கள் கொடி பிடித்துக் காவல் நின்றார்கள். இந்த ஜெபத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை என்று மாதாமாதம் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர், தாயகக் கட்சி வேட்பாளர் ஸ்லாவென். அவர் திஹோமிரின் தோளில் பெருந்தன்மையோடு கைபோட்டார்.

"கலங்காதே. 'தேசத்துக்காக உயிர் கொடுத்த தாய்'னு ஊர் முழுக்கப் போஸ்டர் அடிச்சுடலாம். நல்ல போட்டோ இருக்கா?"

"அவ இன்னும் சாகலீங்க."

"அதனாலதான் இப்பவே கேக்கறேன். சிரிக்கச் சொல்லி ஒண்ணு எடுத்துடு."

திஹோமிர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கட்டில் காலி. அவள் தங்கை வந்து காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விட்டாளாம்; எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, பார்க்க ஆளில்லாத இடத்தில் முழங்காலிட்டார்.

மாலையில் ல்யெர்கா போன் செய்தாள். ஸ்லோவேனியாவில், எல்லையை ஒட்டிய ஊரில் இருந்தாள். பிழைத்துவிட்டாள்.

"ஆண்டவருக்கு நன்றி" என்றார் திஹோமிர்.

"டாக்டர் நெவென்காவுக்கும் சொல்லிடு. நம்ம ஊர்ல அந்தப் படிவத்துல கையெழுத்துப் போடாத ஒரே டாக்டர். நீங்க நாற்பது பேரும் அவங்க வாசல்ல முட்டிபோட்டே ஊரைவிட்டு விரட்டினீங்களே, அவங்கதான் இங்க என்னைக் காப்பாத்தினது."

திஹோமிர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"கதவுல 'கொலைகாரி'ன்னு எழுதினது யாருன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியலையாம். நானும் சொல்லல. உன் சட்டையில இருந்த சிவப்புப் பெயின்ட்டைத் துவைச்சது நான்தானே."