முந்தி வந்திருந்தவர்

இது நடந்தது ஓணத்துக்கு முன்பா பின்பா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வெங்கிடேஷ் இதை என்னிடம் சொன்ன நாளில் மட்டாஞ்சேரியில் நல்ல மழை. அதனால் கதையிலும் மழை பெய்ததாகவே என் மனதில் பதிந்திருக்கிறது. பெய்யாமலும் இருந்திருக்கலாம். அவன் வைத்த மொளகூட்டல் அடிப்பிடித்தது மட்டும் நிச்சயம்.

வைப்பின் தீவில், கடலைப் பார்த்த ஒரு சின்ன வாடகை வீட்டில், முதல் நாள் காலை வெங்கிடேஷ் காப்பிக்காகக் காத்திருந்தான். அடுக்களையிலிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அவன் மனைவி தன்யா வெளியே தென்னை நிழலில் நாற்காலி போட்டு, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பி ஆச்சா?" என்று கேட்டான்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கேன்னா இருக்கேன்."

"அதான் கேக்கறேன். நீ இங்க இருந்தா காப்பி யார் போடறது?"

தன்யா காலை மாற்றிப் போட்டுக்கொண்டாள். அலை ஒன்று வந்து போயிற்று.

"நமக்கு முந்தி இங்க வந்திருந்தவர் பொண்டாட்டியை அடுக்களைக்குள்ளயே விடலையாம்," என்றாள். "மூணு வேளையும் அவர்தானாம். ஒச்சம்மா சொன்னா."

ஒச்சம்மாள் அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்க வருகிறவள். உசிலம்பட்டிக்காரி. அவள் காலையில் வரும் நேரத்தில் வெங்கிடேஷ் குளியலறையில் இருப்பான். பேச்செல்லாம் தன்யாவோடுதான்.

"கொள்ளாம், இல்லையா?" என்றாள் தன்யா, கடலிடம்.

அந்தச் சொல்தான் அவனைத் தைத்தது. தன்யா எதற்கும் மூன்று விதமாகத்தான் மார்க் போடுவாள். 'கொள்ளாம்' என்றால் முதல் வகுப்பு. 'தரக்கேடில்லை' என்றால் பாஸ். 'ம்' என்றால் அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் வெங்கிடேஷின் எதற்கும் கொள்ளாம் வந்ததில்லை. அவன் எடுத்த புடவை, வாங்கிய ஸ்கூட்டர், ஒரு வருஷம் வைத்துப் பார்த்த மீசை, எல்லாம் தரக்கேடில்லை. இப்போது அதே சொல்லை, முகம் தெரியாத எவனுக்கோ சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

உண்மையில் அவர்கள் அந்தமான் போயிருக்க வேண்டும். பத்தாவது கல்யாண நாளுக்கு என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். வல்லார்பாடம் துறைமுகத்தில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் லீவு சுருங்கியது. அந்தமானும் கூடவே சுருங்கி, ஃபோர்ட் கொச்சியில் ஜங்கார் படகு ஏறினால் ஒரு சாயா குடிப்பதற்குள் வந்துவிடுகிற வைப்பின் ஆயிற்று. "இதுவும் தீவுதானே," என்றான் வெங்கிடேஷ். தன்யா "ம்" என்றாள். காக்கநாட்டு ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியிடம் பேசி வீட்டை ஏற்பாடு செய்தவள் அவள்தான். சமைத்துக்கொள்ள வசதி இருக்க வேண்டும் என்று சொன்னது மட்டும் அவன். மூன்று தலைமுறைக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரி வந்த குடும்பம். எங்கே கிளம்பினாலும் அரிசி, புளி, குக்கர், தேங்காய்த் துருவி எல்லாம் உடன் கிளம்பும். யார் சமைப்பது என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

காப்பியை அவனே போட்டான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்துக்கொண்டே, "அடுப்பு புதுசு மாதிரி பளபளன்னு இருந்தது," என்றான்.

"பின்னே? போறச்சே துடைச்சு வச்சுட்டுப் போயிருப்பார்."

வெங்கிடேஷ் அடுப்பை மறுபடி ஒருமுறை துடைத்தான்.

"அவர் பேரு என்னவாம்?"

தன்யா காப்பியை ஒரு வாய் குடித்தாள். "சுதர்ஷன்."

"தமிழாளா?"

"தமிழாள்தான்."

"கோயம்புத்தூர் பக்கமா?"

"கோயம்புத்தூர்தானாம்."

"டாக்டரோ என்னவோ?"

"டாக்டராக்கும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கையில காசு இருந்தாத்தானே இப்படியெல்லாம் பண்ண முடியும்," என்றான் வெங்கிடேஷ். டாக்டராக இருந்தால் உயரமாகவும் இருப்பான் என்று தோன்றியது. கேட்டான். உயரம்தான் என்றாள்.

ஒச்சம்மாளிடமே நேராக விசாரித்திருக்கலாம். ஆனால் விசாரித்தால் அது பொறாமை என்று தெரிந்துவிடும். தனக்குப் பொறாமை இல்லை என்று அவன் தீர்மானமாக இருந்தான். பொறாமை இல்லாததால்தான் மத்தியானச் சமையலைத் தானே செய்வதாகச் சொன்னான்.

மொளகூட்டல் செய்வது என்று முடிவாயிற்று. பருப்பும் காயும் வேக வைத்து, தேங்காயை அரைத்து விட்டால் முடிந்தது என்று பார்த்த ஞாபகம். உப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. தண்ணீர் விட்டான். நீர்த்துப் போயிற்று. அரிசி மாவைக் கரைத்து ஊற்றினான். அது கட்டி தட்டியது. கட்டியை உடைக்க மத்தை எடுத்துக் கடைந்தான். காயெல்லாம் கரைந்து, சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற பதத்துக்கு வந்தது. அதை இளக்க மறுபடி தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, இந்த நாற்காலியில்தானே சுதர்ஷனும் உட்கார்ந்திருப்பான் என்று வெளியே இருந்த நாற்காலியை எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டு வருவதற்குள் அடிப்பிடித்துவிட்டது.

தன்யா ஒரு கவளம் சாப்பிட்டாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"ம்," என்றாள்.

பிறகு தயிரை ஊற்றிக்கொண்டு, "சுதர்ஷன் சீரகத்தைத் தேங்காயோட சேர்த்து அரைப்பாராம்," என்றாள்.

"சீரகம் நானும் போட்டேன்."

"அரைச்சேளா?"

அவன் அரைக்கவில்லை. முழுதாகப் போட்டிருந்தான். எச்சில் தட்டுகளை அவனே கழுவினான். சுதர்ஷன் கழுவியிருப்பான் என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, "பால் வாங்கிண்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெங்கிடேஷ் கிளம்பினான். பால் பூத் தெருமுனையில் இருந்தது. அவன் அதைத் தாண்டிப் போய் பஸ் ஏறினான், பிறகு ஜங்கார், பிறகு ஆட்டோ. மட்டாஞ்சேரியில் வெங்கிட்டு மாமாவின் மெஸ்ஸில் போய் நின்றான். வெங்கிட்டு கல்யாணச் சமையல்காரர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மெஸ் நடத்துவார். ஓலனும் காளனும் பார்சல் கட்டச் சொன்னான்.

"லீவுல தீவுக்குப் போயிருக்கேன்னு கேள்விப்பட்டேனே," என்றார் வெங்கிட்டு.

"போயிருக்கேன்."

"பின்னே இங்க என்ன?"

"சும்மா ஒரு நடை வந்தேன்."

கடல் தாண்டி நடை வந்தவனை வெங்கிட்டு ஒரு தரம் பார்த்தார். பார்சலை நீட்டினார்.

வீட்டுப் பின்பக்கமாக நுழைந்து, எல்லாவற்றையும் பாத்திரங்களில் கொட்டினான். இலையையும் கவரையும் மணலில் புதைத்தான். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, சத்தத்துக்காக ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பால் எங்கே?" என்று வாசலிலிருந்து கேட்டாள் தன்யா.

"கிடைக்கலை."

"தீவு முழுக்கத் தேடினேளா?"

"ஏறக்குறைய."

சாப்பிட உட்கார்ந்தார்கள். தன்யா ஓலனை எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"கொள்ளாம்," என்றாள்.

பத்து வருஷம் காத்திருந்த சொல். அது வந்த மறுகணம், வந்தது தனக்கில்லை, வெங்கிட்டு மாமாவின் கைக்கு என்பது வெங்கிடேஷுக்கு உறைத்தது. அதுவரை ஒரு சுதர்ஷன்தான் இருந்தான். இப்போது அறுபது வயது தாண்டி, வழுக்கை விழுந்து, மேல்துண்டால் முகம் துடைத்துக்கொள்ளும் வெங்கிட்டுவும் சேர்ந்துகொண்டார்.

"சுதர்ஷனைவிடவா?" என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"அவர் ஓலன் வச்சதா ஒச்சம்மா சொல்லலையே," என்றாள் தன்யா. அப்போது ஒரு தெருநாய் வாயில் பிளாஸ்டிக் கவரோடு அவர்கள் முன்னால் ஓடியது. கவரின் மேல் சிவப்பு எழுத்தில் மெஸ்ஸின் பெயர். தன்யா அதைப் பார்த்தாளா என்று வெங்கிடேஷால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் மோர் ஊற்றிக்கொண்டாள்.

"நாளைக்கும் இதே ஓலன் பண்ணுங்கோ," என்றாள். "நான் பக்கத்துல உக்காந்து பார்க்கணும்."

சாப்பிட்ட கையோடு வெங்கிடேஷ் மொட்டைமாடிக்குப் போனான். அங்கிருந்து வல்லார்பாடத்துக் கிரேன்கள் தெரிந்தன. லீவு போட்டுவிட்டுத் தன் ஆபீசையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே யாரும் அவனை யாரோடும் ஒப்பிடுவதில்லை. பிறகு வெங்கிட்டுவுக்கு ஃபோன் போட்டான்.

"மாமா, ஓலனுக்கு அளவு சொல்லணும்."

"எத்தனை இலைக்கு?"

"ரெண்டு இலைக்கு."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம்.

"ரெண்டு இலைக்கு நான் வச்சதே இல்லையேடா. என் ஆத்துக்காரி போனப்புறம் எனக்கே நான் தனியா வச்சுக்கறதில்லை. நூறு இலைக்குச் சொல்றேன், நீ வகுத்துக்கோ."

அவர் சொன்னார்: இளவன் பூசணி இவ்வளவு, பயறு இவ்வளவு, தேங்காய் இவ்வளவு. பச்சைமிளகாய் கண்ணளவு. வெங்கிடேஷ் எல்லாவற்றையும் ஐம்பதால் வகுத்தான். கணக்கில் அவன் எப்போதும் சரியாக இருப்பவன்.

மறுநாள் தன்யா சொன்னபடி அடுக்களைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உதவவில்லை. அவன் இளவனைத் தோல் சீவினான். விரலையும் கொஞ்சம் சீவிக்கொண்டான். தேங்காயைத் துருவிப் பால் பிழிந்தான். பெரிய பாத்திரம் நிரம்பியது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் நிரம்பப் பார்த்தது. ஒரு கையால் கிளறிக்கொண்டே மறு கையால் ஃபோனை எடுத்தான்.

"மாமா, ஏகமா இருக்கே. சரியாத்தான் வகுத்தேன்."

"எத்தனை பேருக்குன்னு வகுத்தே?"

"நூறு பேருக்கு."

"நூறு பேருன்னு யார் சொன்னா? நூறு இலைன்னா மூணு பந்தி, முன்னூறு பேர். எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே அது."

தன்யா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது போலிருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

அடுப்பை அணைத்து, பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, மூடி வைத்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. இலை போட்டுப் பரிமாறினான். தன்யா சாப்பிட ஆரம்பித்தாள். அவன் சாப்பிடாமல் எதிரே நின்றான். அவள் ஒரு தரம் எடுத்துச் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் போட்டுக்கொண்டாள்.

"தரக்கேடில்லை," என்றாள்.

கை கழுவிக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி அலையில் கால் நனைக்கப் போய்விட்டாள்.

வெங்கிடேஷ் அங்கேயே நின்றான். பாஸ் மார்க். வகுத்து, பிழிந்து, விரலை அறுத்துக்கொண்டு வாங்கிய பாஸ் மார்க். கூடவே, இதில் ஓர் அநியாயம் இருப்பதாகவும் அவனுக்குப் பட்டது. சுதர்ஷனின் சமையலை தன்யா சாப்பிட்டதே இல்லை. சாப்பிடாமலே அவனுக்குக் கொள்ளாம். இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்த ஒருத்தி இருந்தால் மட்டுமே நியாயம் கிடைக்கும். அப்படி ஒருத்தி, வீட்டைக் காலி செய்யும் நாள் என்பதால் துடைப்பத்தோடு பின்கதவில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஒச்சம்மா, முதல்ல வந்து சாப்பிடுங்கோ," என்றான்.

"சேச்சி சாப்பிட்டாகளா?"

"எல்லாரும் ஆச்சு. உக்காருங்கோ."

இலை நிறையப் போட்டான். ஒச்சம்மாள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினாள். போட்டான். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். தன்யா தூரத்தில் தண்ணீரில் நின்றிருந்தாள். மூன்று நாளாகக் கட்டிக் காத்த மானத்தை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஒச்சம்மா, உள்ளதைச் சொல்லணும். நான் கோச்சுக்க மாட்டேன். என் சமையல் நன்னாயிருக்கா, முந்தி வந்திருந்த டாக்டரோடது நன்னாயிருந்ததா?"

ஒச்சம்மாள் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த டாக்டரு? இந்த வீட்டுக்குப் போன வாரந்தான சார் பால் காச்சுனாக. வாடகைக்கு வந்த மொத ஆளே நீங்கதான்."

அன்று சாயங்காலம் இருவரும் ஜங்காரில் திரும்பி வந்தார்கள். வழியில் அவன் எதுவும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ஒச்சம்மாள் இப்போது உசிலம்பட்டியில் மகளோடு இருக்கிறாள். வெங்கிட்டுவுக்கு முழங்கால் வலி. கல்யாணச் சமையலை விட்டுவிட்டு மெஸ்ஸை மட்டும் பார்க்கிறார். வெங்கிடேஷும் தன்யாவும் மட்டாஞ்சேரியில் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சமைக்கிறான், அவள் பேப்பர் படிக்கிறாள்.